காட்டு ஈஸ்ட்டும் தொட்டி ஈஸ்ட்டும்

1516-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் ஒரு சட்டம் பிறந்தது. பீர் என்னும் பானத்தைக் காய்ச்சுவோர் பார்லி, ஹாப்ஸ் கொடியின் பூ, நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்பது அதன் கட்டளை. இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருப்பதைக் கவனித்தீர்களா? இனிப்பான பார்லிச் சாற்றைப் பீராக மாற்றும் ஈஸ்ட் அதில் இல்லை! சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வேலையைச் செய்வது ஓர் உயிர் என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1680-இல் டச்சுக்காரரான லீவன்ஹாக் தம் நுண்ணோக்கியின் அடியில் பீரை வைத்துச் சிறு சிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவரும் எண்ணவில்லை. 1837-ஐ ஒட்டித்தான் மூன்று அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து அவ்வுண்மையை வெளியிட்டனர்.

பீர் குடிப்பதைப் பரிந்துரைக்கும் கட்டுரை அன்று இது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை மனிதன் தன்னையறியாமலே எப்படிப் பழக்கினான் என்பதே நம் பாடம்.

ஈஸ்ட் காளான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒற்றைச் செல் உயிர். இது சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் சாராயமும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும் எனக் கணக்கிடலாம். ஆக்சிஜனுடன் எரித்தால் கிடைக்கக்கூடிய ஆற்றலில் மிகச் சிறு பங்கே இவ்வழியில் ஈஸ்ட்டுக்குக் கிடைக்கிறது. மிச்ச ஆற்றலெல்லாம் சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் சாராயம் எரிகிறது!

காட்டு ஈஸ்ட்டுகள் பழத்தோலிலும் மரப்பட்டையிலும் மண்ணிலும் வாழ்கின்றன. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிலும் காய்ச்சப்படும் லாம்பிக் என்னும் பீருக்கு இன்றும் எவரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. குளிர்கால இரவில் சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் ஆறவிடுவார்கள். காற்றிலிருந்தும் மரப்பீப்பாயிலிருந்தும் வரும் ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் அதில் குடியேறும். பக்குவமாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகும், சுவை புளிப்பு.

மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நன்றாக அமைந்த தொட்டியின் வண்டலில் கொஞ்சம் எடுத்து அடுத்த தொட்டியில் இட்டார்கள். நம் வீட்டில் நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமல்லவா, அதே முறைதான். இப்படி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தொட்டிவிட்டுத் தொட்டி மாறிய ஈஸ்ட், காட்டையே மறந்துவிட்டது.

இங்கே இயற்பியல் நுழைகிறது. வண்டலை எங்கிருந்து எடுத்தார்கள்? தொட்டியின் அடியிலிருந்து. பாகுத்தன்மை உள்ள திரவத்தில் விழும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் ஸ்டோக்ஸ் விதியை நினைவுகூருங்கள். ஈஸ்ட் செல்லின் விட்டம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு. அடர்த்தியும் சாற்றைவிடச் சற்றே அதிகம். ஆகவே தனிச் செல் ஒரு நாளில் சில சென்டிமீட்டரே இறங்கும். ஆனால் பல செல்கள் ஒட்டிக்கொண்டு பத்து மடங்கு விட்டமுள்ள கொத்து ஆனால், வேகம் நூறு மடங்காகும்! (கொத்தின் இடுக்குகளில் திரவம் சிக்கியிருப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும்.) சர்க்கரை தீர்ந்து, குமிழிகள் அடங்கியதும் கொத்தாகச் சேரும் ரகங்களே முதலில் அடியை அடைந்தன. அவற்றையே அடுத்த தொட்டிக்கு எடுத்தார்கள். தனித்து மிதந்தவை பீரோடு போய்விட்டன. கரியமில வாயுக் குமிழிகளில் ஒட்டி மேலே வந்த நுரையை வழித்தெடுத்த ஆலைகளிலோ, மிதக்கும் ரகங்கள் நிலைத்தன. பொறுக்கி எடுத்தவர் யார்? மனிதனின் அகப்பையும் புவியீர்ப்பும்.

2016-இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 157 ஈஸ்ட் ரகங்களின் மரபுச் செய்தியை முழுமையாகப் படித்து வெளியிட்டனர். பீர் ஈஸ்ட்டுகளின் பழக்கம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கியது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மூன்று குளுக்கோஸ் கோத்த மால்ட்டோட்ரயோஸ் என்னும் பார்லிச் சர்க்கரையைப் பெரும்பாலான காட்டு ரகங்கள் தொடுவதில்லை. பல தொட்டி ரகங்கள் விடுவதில்லை. காட்டு ஈஸ்ட் பீருக்குக் கிராம்பு போன்ற வாடையைத் தரும். தொட்டி ரகங்கள் பெரும்பாலானவற்றில் அதற்கான ஜீன்கள் பழுதடைந்துள்ளன. அவ்வாடையை விரும்பிய பவேரியக் கோதுமைப் பீர் ரகங்களிலோ அவை பழுதின்றி இருக்கின்றன! பட்டினிக் காலத்தில் ஸ்போர்களாக மாறித் தப்பும் திறமையையும் பல தொட்டி ரகங்கள் இழந்துவிட்டன. தொட்டியில் பட்டினி ஏது?

கோடையில் பீர் கெட்டதால், 1553-இல் பவேரியாவில் செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என்று விதித்தார்கள். குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட்டே இதனால் வாழ்வு பெற்றது. 1845-இல் டென்மார்க்கின் யாக்கோப்சன் அதை மியூனிக் நகரிலிருந்து தம் ஆலைக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் வண்டி நின்ற இடங்களில் குளிர்ந்த நீர் ஊற்றிக் காப்பாற்றினார் என்பார்கள். பின்னர் அவரது கார்ல்ஸ்பர்க் ஆலையில் பீர் கெடத் தொடங்கியது. தொட்டிக்குள் காட்டு ஈஸ்ட் கலந்துவிட்டதே காரணம் என்று அங்குப் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சென் கண்டார். கரைசலைத் திரும்பத் திரும்ப நீர்க்கச் செய்து ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதிலிருந்து ஒரு தூய வம்சத்தை 1883-இல் வளர்த்தார். யாக்கோப்சன் அதை மூடிவைக்காமல் கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார். (நீங்கள் பயிலும் பி.எச். அளவுமுறையும் 1909-இல் அந்த ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது.)

லாகர் எனப்படும் பீரைத் தரும் இந்தக் குளிர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர், ரொட்டியைப் பொங்கவைக்கும் இனமே. மற்றொன்று யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011-இல் விடை வந்தது, தென் அமெரிக்காவின் படகோனியாக் காட்டு மரங்களிலிருந்து! ஆனால் ஐரோப்பியர் அக்கண்டத்தை அடையுமுன்பே பவேரியாவில் குளிர்ப் பீர் காய்ச்சினார்கள். அப்படியானால் இந்தக் காட்டு ஈஸ்ட் அங்கே எப்படி வந்தது? 2014-இல் அதே இனம் திபெத்திலும் கிடைத்தது. கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதினர். ஐரோப்பாவில் அது முதன்முதலாகக் கிடைத்த செய்தி 2022-இல் வெளியாயிற்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மரத்தடி மண்ணில் அது இருந்தது. அந்த மண்ணை அள்ளிவந்தவர்கள் அங்கே பட்டப்படிப்பு படிக்கும் மாணவர்கள்.