கிராபிக்ஸ் கார்டு மாற்றியதும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா?

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவுடன் பலருக்கும் வரும் ஆசை, அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்பதுதான். கார்டை வாங்கி, ஸ்லாட்டில் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, பவர் பட்டனை அழுத்துகிறோம். திரை கருப்பாகவே இருக்கிறது. உடனே கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலான சமயங்களில் அது சாகவில்லை. எதனால் நின்றது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு நடந்ததையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

2023 ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது இன்டெல் ஐ5-4460 ப்ராசசர் கொண்ட பழைய கம்ப்யூட்டர். அப்பாவின் பெயிண்ட் கடைக் கணக்கு முழுவதும் அதில்தான், டேலியில் இருந்தது. விஸ்காம் படிக்கும் தம்பி வீடியோ எடிட்டிங்கிற்காக ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி வந்திருந்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்திற்குக் கார்டு வைத்து மைனிங் செய்யும் முறை நின்றுபோனதால், இப்படிப்பட்ட கார்டுகள் அப்போது மலிவாகக் கிடைத்தன. "நீதான் இன்ஜினியராச்சே, போட்டுக் கொடு" என்றான். சாப்ட்வேர் எழுதுபவனுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 17ஆம் தேதி இரவு கேபினட்டைத் திறந்தேன்.

பட்டனை அழுத்தியதும் பேன் அரை சுற்று சுற்றி நின்றது. மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அரை சுற்று. சரி, வேண்டாம் என்று கார்டைக் கழற்றி விட்டு, மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டில் செருகி ஆன் செய்தேன். இப்போது பேன் சுற்றியது. ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. கேபினட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கரிலிருந்து விட்டு விட்டு பீப் சத்தம் மட்டும் வந்தது.

அப்பா வாசலில் வந்து நின்றார். "ஏன்டா, கணக்கெல்லாம் இருக்குமா, போயிடுச்சா?" என்றார். 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதைவிட, கணக்கின் பேக்கப் கடைசியாக எப்போது எடுத்தோம் என்பது எங்கள் மூவருக்கும் நினைவில்லை.

முதலில் பழைய நிலைக்குத் திரும்பவும்

புதிய கார்டு போட்டு பூட் ஆகவில்லை என்றால், முதலில் செய்ய வேண்டியது கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டர் கடைசியாக எப்படி இயங்கியதோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான். அதற்கு முன் பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றிவிடவும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகே போர்டைத் தொடவும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டு இல்லாமல் மதர்போர்டில் உள்ள வீடியோ போர்ட்டில் படம் வர வேண்டுமானால், ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் ப்ராசசர்களில் அது கிடையாது. 5000 வரிசை வரையிலான டெஸ்க்டாப் ரைசன்களில் 'ஜி' என்று முடிபவற்றில் மட்டும் உண்டு. இல்லாதவர்கள் பழைய கார்டையே திரும்பப் போட்டுப் பார்க்கவும்.

என் விஷயத்தில் பழைய நிலையிலும் பூட் ஆகவில்லை. கார்டு போனதோடு மதர்போர்டும் போய்விட்டதோ என்றுதான் நினைத்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டு ராம் கார்டுகளில் ஒன்றின் ஒரு பக்க கிளிப் திறந்திருந்தது. கார்டு நீளமானது. அதை உள்ளே திணிக்கும்போது என் கை கிளிப்பில் பட்டு ராம் மேலெழும்பியிருக்கிறது. இரண்டு ராம்களையும் கழற்றி, ஒன்றை மட்டும் 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தி, ஆன் செய்தேன். விண்டோஸ் வந்துவிட்டது. அடுத்ததையும் போட்டேன். அதுவும் சரி.

(ராமின் தங்க நிறப் பற்களை அழி ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அழுக்கு இருந்தால் பயன்படும். ஆனால் பல நேரங்களில் சரியாவது ரப்பரால் அல்ல, கழற்றித் திரும்ப ஒழுங்காக மாட்டியதால்.)

பீப் சத்தத்திற்கு அர்த்தம் உண்டு. அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டை பீப் என்றால் வீடியோ கார்டில் பிரச்னை. இது போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் மேனுவலைப் பார்த்துக்கொள்ளவும். சில புதிய போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் பதில் சிறிய எல்.இ.டி. விளக்குகள் இருக்கும். ப்ராசசர், ராம், வீடியோ, பூட் ஆகியவற்றில் எது தடுக்கிறதோ அதன் விளக்கு எரிந்தபடி நிற்கும்.

விண்டோஸ் வந்ததும் தம்பி கார்டைத் திரும்பப் போடச் சொன்னான். மறுத்துவிட்டேன். முதலில் டேலி டேட்டா போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து, என் லேப்டாப்பில் திறந்தும் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. 19ஆம் தேதி, கார்டு இல்லாமலேயே, ரிட்டர்ன் தாக்கல் ஆயிற்று. இந்த காப்பியைக் கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஒருவேளை கம்ப்யூட்டர் திரும்பவே இல்லை என்றாலும் பைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில்தான். அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள லேபிளைப் படிக்கவும்

இனி, முதலில் பேன் ஏன் அரை சுற்றில் நின்றது என்று பார்ப்போம். பட்டனை அழுத்தியவுடன் எல்லாம் ஒரு கணம் உயிர் பெற்று உடனே நின்றால், முதலில் பவரைச் சந்தேகிக்கவும். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. இந்தக் கார்டு இழுப்பது 125 வாட் தான், தாராளமாகப் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த லேபிளின் கீழே ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தை மட்டும் பார்க்கவும். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பகுதி மின்சாரத்தை எடுப்பது அங்கிருந்துதான். எங்களுடையதில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கில் சேர்த்துக் காட்டியது. ஐ5-4460 ப்ராசசருக்கு 84 வாட், கார்டுக்கு 125 வாட், ஆக 209. ஹார்ட் டிஸ்க்கும் பேன்களும் இன்னும் சேர்க்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது. அணையாமல் எரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு தவறும் செய்திருந்தோம். மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளின் தலையில் 6 பின் அல்லது 8 பின் சாக்கெட் இருக்கும். 6 பின் வழியாக 75 வாட், 8 பின் வழியாக 150 வாட் வரை எடுக்கலாம். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் அந்த வயர் கிடையாது. தம்பி, ஹார்ட் டிஸ்க்கின் பவர் வயரிலிருந்து 8 பின் எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டியிருந்தான். இது வேண்டவே வேண்டாம். ஒரு சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் உருகும். அதேபோல, ப்ராசசருக்கு வரும் 8 பின் வயரும் பார்க்க இதே போல இருக்கும். அதை அழுத்தி கார்டில் செருக முயல வேண்டாம். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் தலைகீழாக இருக்கும்.

புதிதாக 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம். அதன் 12 வோல்ட் கட்டத்தில் 42 ஆம்பியர், அதாவது 504 வாட். கார்டுக்கான 8 பின் வயரும் அதிலேயே வந்தது. மாட்டியதும் எல்லா பேன்களும் நிற்காமல் சுற்றின. மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்றது.

பேன் சுற்றுகிறது, படம் இல்லை

இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது கேபிள். கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து எடுத்து கார்டில் செருக வேண்டும். இதை மறப்பவர்கள் மிக அதிகம். நாங்கள் மறக்கவில்லை, ஆனால் செருகவே முடியவில்லை. எங்கள் பழைய மானிட்டரில் இருந்தது நீல நிற வி.ஜி.ஏ. மட்டும். கார்டில் இருந்தவை எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட், டி.வி.ஐ. கடைக்காரர் கொடுத்த டி.வி.ஐ.-வி.ஜி.ஏ. அடாப்டரில் நான்கு பின்கள் அதிகமாக இருந்ததால் உள்ளே போகவில்லை. கார்டில் உள்ளது டிஜிட்டல் மட்டும் தரும் டி.வி.ஐ.-டி வகை. அந்த நான்கு பின்களுக்கு அதில் துளையே கிடையாது. அவற்றை வெட்டிவிட்டுச் செருகினாலும் படம் வராது. எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வாக மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டியதும் படம் வந்தது.

கேபிள் சரியாக இருந்தும் படம் இல்லை என்றால், கார்டைக் கழற்றி ஸ்லாட்டின் ஓரக் கொக்கி பூட்டும் வரை மீண்டும் அழுத்தவும். 8 பின் வயர் முழுதாக இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். அடுத்தது பயாஸ். 2012-க்கு முந்தைய கார்டைப் புதிய போர்டில் போடுபவர்களுக்கு, சி.எஸ்.எம். என்ற அமைப்பு ஆப் ஆகியிருந்தால் படம் வராமல் போகலாம். கார்டை எடுத்துவிட்டு பயாஸில் நுழைந்து அதை ஆன் செய்து பார்க்கவும். மாறாக, ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால் காரணமின்றி ஆப் செய்திட வேண்டாம். விண்டோஸ் பழைய முறையில் இன்ஸ்டால் ஆகியிருந்தால், டிஸ்க்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

எதுவும் பலிக்காவிட்டால் பவர் கார்டைப் பிடுங்கி, போர்டில் உள்ள வட்டமான சி.ஆர். 2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு பயாஸை ரீசெட் செய்யலாம். பிறகு தேதியும் நேரமும் சரிசெய்ய மறக்க வேண்டாம். விண்டோஸில் டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் பயாஸ் மாற்றங்களுக்குப் பின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளவும்.

கம்பெனி லோகோ தெரிந்து விண்டோஸ் வரும்போது மட்டும் கருப்பாகிறது என்றால், அநேகமாக அது பழைய டிரைவரின் வேலை. சேப் மோடில் நுழைந்து பழைய டிஸ்ப்ளே டிரைவரை அன்இன்ஸ்டால் செய்திடவும். பிறகு கார்டின் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போடவும். டிரைவர் போடும் வரை ஐகான்கள் பெரிது பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

எங்கள் கம்ப்யூட்டர் இப்போதும் அதே கார்டோடு ஓடுகிறது. கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஐ நண்பனுக்குக் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். அவனிடம் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் கொடு என்றேன், 192 வாட் என்று மார்க்கரால் அதன் மேல் எழுதிவிட்டு.