முதலில் தாழியைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமா எழுதுவது. வரும் சனி, ஞாயிறில் கூடப் படிக்கும் பையன்களோடு காகேத்தி வட்டாரத்துக்குப் போய், ஒயின் செய்யும் வீடுகளைப் பார்த்துவரப் போவதாகச் சொன்னாய். தாராளமாகப் போய் வா. உன்னைப் போல டிபிலிசிக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் விடுதி, கல்லூரி, இந்தியச் சாமான் கடை என்று மூன்று இடங்களுக்குள்ளேயே படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஜார்ஜியாவில் இருந்துவிட்டுத் திராட்சைத் தோட்டத்தை மிதிக்காமல் வருவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் தெரிந்துகொண்டதை வைத்துச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஒரே நாளில் நாலைந்து இடம் காட்டுகிறேன் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அது வேண்டாம். அப்படிப் போனால் எல்லா இடத்திலும் நீ பார்ப்பது மேசையும் கண்ணாடிக் குவளையும்தான். தெலாவிப் பக்கமோ சிக்நாகிப் பக்கமோ ஒரு கிராமத்தில், ஒரே ஒரு குடும்பத்தின் மாரானிக்குப் போ. அவர்கள் வீட்டோடு ஒட்டியிருக்கும் ஒயின் அறைக்கு மாரானி என்று பெயர். போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள். இப்போது ரத்வெலி, திராட்சை அறுவடை நேரம். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை. போன இடத்தில் கூடை தூக்க ஆள் தேவைப்பட்டால், கேட்கும் முன்னே கையைக் கொடு.

மாரானிக்குள் நுழைந்ததும் தரையைப் பார். பெரிதாக ஒன்றும் தெரியாது, வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு வாய்க்குக் கீழும் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு மண் தாழி கழுத்து வரை புதைந்திருக்கிறது. குவெவ்ரி என்பது அதுதான். முட்டை வடிவம், அடி கூம்பி இருக்கும். குயவர் மண்ணைத் திரித்துத் திரித்து, அடுக்கு அடுக்காக, ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அடுத்தது என்று வாரக்கணக்கில் எழுப்புவார். சூளையில் சுட்டு எடுத்து, சூடு முழுதாக ஆறும் முன்பே உள்ளே தேன்மெழுகு தடவுவார்கள். மண்ணின் நுண்துளைகளை அந்த மெழுகு அடைத்துக்கொள்ளும். காகேத்தியில் வர்திசுபானி என்ற ஊரில் இன்றும் இந்த வேலை நடக்கிறது. வழியில் முடிந்தால் அதையும் பார்.

திராட்சையை மிதித்தோ நசுக்கியோ, சாறு, தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே தாழியில் கொட்டுவார்கள். காகேத்திக்காரர்களின் முறை அது. ஈஸ்ட் என்று தனியாக எதையும் போடுவதில்லை, தோலோடு வருவதே போதும். ஓரிரு நாளில் பொங்க ஆரம்பிக்கும். தோல் எல்லாம் மேலே வந்து தடித்த ஆடையாக நிற்கும். நீளக் கழியால் அதை உள்ளே அமுக்கி அமுக்கிவிட வேண்டும், பகலில் பல தடவை, ராத்திரியிலும். நீ போகும்போது இந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கும். காதைக் கொஞ்சம் சாய்த்தால் தாழிக்குள் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். தலையை மட்டும் உள்ளே விடாதே. பொங்கும் தாழிக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிற்கும். அது என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கி அடங்கியதும் மூடி போட்டு, களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். வசந்த காலத்தில்தான் திறப்பார்கள். கொட்டை கூம்பிய அடிக்குப் போய்விடும், வண்டல் அதன் மேல் படியும், மேலே ஒயின் தெளிந்து நிற்கும். சுற்றியுள்ள மண் வெயிலையும் குளிரையும் அண்ட விடாது. ரகாட்சிதெலி வெள்ளைத் திராட்சைதான், ஆனால் மாதக்கணக்கில் தோலோடு கிடந்ததால் ஒயின் கட்டஞ்சாயா நிறத்தில் வரும். நாக்கில் துவர்க்கும். சப்பேராவித் திராட்சையின் ஒயினைக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார், அந்தப் பக்கம் தெரியாது. அந்தத் திராட்சையின் சதையும் சாறுமே சிவப்பு.

அங்கே நீ கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாழியை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேள். ஒயினின் ருசியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இதை யாராவது கேட்டால் வீட்டுப் பெரியவரின் முகமே மலர்ந்துவிடும். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கழியில் கட்டி வைத்திருப்பார், அதை எடுத்துக் காட்டுவார். அதைக்கொண்டு தாழியின் உட்சுவரைத் தேய்த்து, சாம்பலோ சுண்ணாம்போ போட்டு, தண்ணீர் விட்டு விட்டு இறைக்க வேண்டும். இறைக்கும் நீர் குடிக்கலாம் என்கிற அளவுக்குத் தெளியும்வரை விடமாட்டார்கள். கொஞ்சம் அழுக்கு தங்கினாலும் வருஷத்து உழைப்பு மொத்தமும் புளித்துப் போகும். வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் செய்யும் ஒயினுக்கு இந்தச் சுத்தம் ஒன்றுதான் காவல். எந்த வீட்டு ஒயின் நல்ல ஒயின் என்று என்னைக் கேட்டால், தாழி கழுவுவதைப் பற்றி ஆசையோடு பேசும் வீட்டு ஒயின் என்பேன்.

8,000 வருஷ ஒயின் பாரம்பரியம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள், நம்பு. டிபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்ற இரண்டு மேடுகளில் தோண்டியெடுத்த, அந்த அளவு பழமையான பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாழி ஒயின் முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்த முறை பிழைத்ததற்குக் காரணம் வீடுகள்தான். சோவியத் காலத்தில் அரசு ஆலைகள் அளவைத்தான் பார்த்தன. 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் நடத்தியபோது தோட்டங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013 வரை அது நீடித்தது. இவ்வளவுக்கும் நடுவில் நாலு கொடியையும் ஒரு தாழியையும் விடாமல் காப்பாற்றிய குடும்பத்திடம் பாட்டிலுக்கு ஐந்து லாரி (ஜார்ஜியப் பணம்) குறைத்துக் கேட்காதே.

இனி, குடிப்பது பற்றி. அதை நீதான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் டிபிலிசியை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடு, பையன்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு செய்யாதே. வேண்டாம் என்றால் வந்ததுமே வீட்டம்மாவிடம் சொல்லிவிடு, திராட்சைச் சாறு கொடுப்பார்கள். குடிப்பதாக இருந்தால் முதலில் ரொட்டி சாப்பிடு. பயறு வைத்த லோபியானி ரொட்டியும், வால்நட் விழுது தடவிய கத்தரிக்காயும் கிடைக்கும். விருந்தில் தமாதா என்று ஒருவர் எழுந்து வாழ்த்துச் சொல்வார். அமைதிக்கு, பெற்றோருக்கு, இறந்துபோனவர்களுக்கு என்று ஒவ்வொன்றாக வரும். அவர் பேசி முடிக்கும்வரை குவளையில் வாய் வைக்காதே. இறந்தவர்களுக்கான வாழ்த்தின்போது சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது, பையன்களிடம் முன்பே சொல்லி வை. பொங்கிக்கொண்டிருக்கும் புது ஒயின் இனிப்பாக இருக்கும், மச்சாரி என்பார்கள். இனிப்பை நம்பிக் கூடக் குடித்தால் வயிறு ராத்திரியெல்லாம் படுத்தும். சக்கையைக் காய்ச்சி வடித்த சாச்சா உனக்கு வேண்டவே வேண்டாம். அதில் ஆல்கஹால் நாற்பது விழுக்காட்டுக்கு மேல்.

தெலாவிக்குப் போகும் கோம்போரி கணவாய் வழி முழுக்க வளைவு. வாடகைக் கார் எடுத்தால், ஓட்டுகிறவன் ஒரு சொட்டும் தொடக் கூடாது. அதைவிட மர்ஷ்ருத்கா என்னும் சிறு பேருந்தில் போய் வருவது நல்லது. சாயங்காலம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள், கையில் ரொக்கமாக லாரி வைத்துக்கொள். அம்மாவிடம் எங்கே போகிறாய் என்பதை நீயே போன் செய்து சொல்லிவிடு. அவளுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
மாமா