செல்ஃபை விடுங்கள், பிரேக்கைப் பிடியுங்கள்

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது, பேட்டரி தீரும்வரை செல்ஃபை அழுத்துவது. பிறகு கிக்கரை உதைப்பது. கால் வலித்ததும் தெருவில் போகிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளிவிடுப்பா" என்பது. இந்தக் கடைசி வேலை முழுக்க வீண். கியர் வண்டியைத்தான் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். ஸ்கூட்டரின் கிளட்ச், எஞ்சின் ஓடி வேகம் பிடித்த பிறகுதான் சக்கரத்தோடு சேரும். மஞ்சக்குப்பத்திலிருந்து ஓல்டு டவுன் வரை தள்ளினாலும் எஞ்சின் அசையாது.

எனக்கு வீடு கடலூரில், வேலை சிதம்பரத்தில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகும் அந்தச் சாலையில் ஒர்க்‌ஷாப் கண்ணில் படாத நீளங்கள் உண்டு. கொஞ்சம் கற்றுக்கொள்ளாமல் முடியவில்லை.

செல்ஃபை அழுத்தினால் என்ன சத்தம் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சத்தமே இல்லையா, 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா, அல்லது எஞ்சின் சுற்றியும் பிடிக்க மறுக்கிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

சத்தமே இல்லை என்றால் எஞ்சின் கில் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டையும் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் இப்போது நிறைய. இரண்டும் சரியாக இருந்தால் பிரேக்கைப் பிடித்துப் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இது சிதம்பரம் வடக்கு வீதிப் பக்கம் ஒரு மெக்கானிக் சொல்லிக் கொடுத்தது. "சார், நீங்க கடலூர் வண்டி. உப்புக் காத்து முதல்ல சாப்பிடுறது பிரேக் சுவிட்சைத்தான்" என்றார். பிரேக் பிடித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். அந்தச் சின்ன சுவிட்சின் முனைகள் பச்சை பூத்துவிட்டால் பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை. விளக்கு எரியாவிட்டால் மற்றக் கை பிரேக்கைப் பிடித்து முயலுங்கள். பெரும்பாலும் வீடு போய்ச் சேரலாம். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் அந்த சுவிட்சை மழைக்கு முன்னும் பின்னும் துடைத்து வைப்பது நல்லது.

'டிக்' சத்தம் பேட்டரியின் பலவீனம். ஹார்ன் முனகினால் சந்தேகமே வேண்டாம். டெர்மினலில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சுரண்டி, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். மீட்டர் இருந்தால் நிறுத்திய வண்டியில் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பழைய கார்பரேட்டர் வண்டியைப் பேட்டரி செத்தாலும் கிக்கரில் எழுப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும் என்பதால் பேட்டரி முழுக்கக் காலியானால் கிக்கரும் கைவிடலாம்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் காதை வையுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் டேங்க் பக்கம் ஓரிரு நொடி 'ஊய்ங்' என்று பம்ப் ஓடும். ஓடாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஓடினால் பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

இதெல்லாம் சாதாரண நாளுக்கு. வெள்ளம் வந்த பிறகு நடைமுறையே வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பொங்கி, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் பலர் நேராகப் போய்ச் சாவியைத் திருப்பினார்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

முதலில், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரிலுள்ள சேற்றுக் கோட்டைப் பாருங்கள். கால் வைக்கும் பலகைக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பிரேக்கும் பெல்ட்டும்தான் பாதித்திருக்கும். அதற்கு மேலே என்றால் ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது நிற்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் அதில் மோதிக் கனெக்டிங் ராடு வளையும். துடைத்து முடிக்க வேண்டிய வேலை, எஞ்சினைப் பிரிக்கும் செலவாகிவிடும்.

அதனால் சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த டீயைப் போலிருந்தால் ஆயிலைக் கொட்டி மாற்ற வேண்டும், சிறிது நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும். பிளக்கைக் கழற்றி வைத்துக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகத் துப்பும். காகித ஏர் ஃபில்டரைக் காய வைத்து மாட்டாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

டேங்கையும் விடக் கூடாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு அதிகம். அதில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் போய்ப் படியும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். வெளியே எடுத்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் கோடு பிரிந்து தெரியும். தெரிந்தால் முழுவதையும் வடித்துவிடுங்கள். எல்லாம் செய்து ஸ்டார்ட் ஆன பிறகு எஞ்சின் உறுமியும் வண்டி நகராவிட்டால் பயப்பட வேண்டாம். பெல்ட் ஈரமாக இருக்கிறது, இடப்பக்க மூடியைக் கழற்றிக் காய விட்டால் போதும்.

இதையெல்லாம் நீங்களே செய்தே ஆக வேண்டும் என்றில்லை. எனக்குத் தெரிந்த நிறையப் பேர் மெக்கானிக்கிடமே விடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கேட்கப்போகிறீர்கள் என்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே சேற்றுக் கோடு, நம்பர் பிளேட், மீட்டர் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குப் பிறகு செல்ஃப் அடித்ததால் எஞ்சின் போனது என்று தெரிந்தால் சாதாரண பாலிசியில் அந்தச் செலவை மறுக்க இடமுண்டு. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கும் கவரில் என்னென்ன அடங்கும் என்பதை ஐப்பசிக்கு முன்பே படித்து வையுங்கள்.