ஐ7 என்றால் எந்த ஐ7?

கேள்வி: சேர், புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, வீடு கட்டி முடித்த பிறகு முதன்முதலாக ஒரு நல்ல கம்பியூட்டர் எடுக்கப் போகிறோம். வெளிநாட்டில் இருக்கிற மச்சான் காசு அனுப்பியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறா. தம்பி கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து எடிட் பண்ணுகிறவர். சின்ன மகனுக்கு கேம் வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே மெஷின்தான். ஒரு கடையில் பாவித்த ஐ7, 16 ஜிபி றாமோடு மலிவாகத் தருகிறார்கள். இன்னொரு கடையில் ஐ5-12400எஃப் போட்டுப் புதிதாகப் பூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள், விலை கூட. ஐ5ஐ விட ஐ7 அல்லவா வேகம்? ரைசன்தான் திறம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும், கடற்காற்றும் பொல்லாதது. என்ன செய்யலாம்?
- வாசகர் ஒருவர், சிலாவத்துறை, முசலி

பதில்: முதலில் அந்த முதலாவது கடைக்காரரிடம் ஐ7-க்குப் பின்னால் என்ன நம்பர் என்று கேளுங்கள். ஐ7 என்ற பெயர் 2008இல் வந்தது. அன்று வந்ததும் ஐ7, பல வருடங்கள் கழித்து வந்ததும் ஐ7. கம்பெனிகளில் பாவித்துக் கழித்த டெல், எச்பி பெட்டிகள் நம் கடைகளுக்கு வந்து 'ஐ7' என்ற ஒட்டுத்தாளோடு விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றில் அனேகம் ஐ7-4790 போன்ற பழைய ரகங்கள். 4790இல் முதலில் நிற்கும் 4 என்பது நான்காம் தலைமுறை, 2014இல் வந்தது. 12400இல் முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்து பன்னிரண்டாம் தலைமுறை, 2022 ஜனவரியில் வந்தது. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம்.

அந்த எட்டு வருடம் வேலையில் தெரியும். 4790இல் நான்கு கோர், 12400இல் ஆறு. ஒரு கோரை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் புதியது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேலையில், உங்கள் தம்பி வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணுவது போன்றதில், இரண்டு மடங்கையும் தாண்டும். ஐ5 என்ன, அதே பன்னிரண்டாம் தலைமுறையின் ஐ3-12100 கூட அந்தப் பழைய ஐ7-ஐ முந்திவிடும்.

தம்பிக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்போதைய கமராக்களும் போன்களும் பல எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டுவதற்கென்று தனிப் பகுதி புதிய இன்டெல் சிப்புகளின் உள்ளே இருக்கிறது. 4790இல் அது இல்லை. அதனால் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைகிற காட்சியை டைம்லைனில் இழுத்தால் படம் விட்டு விட்டு ஓடும், சத்தம் முன்னால் போகும், படம் பின்னால் வரும். 16 ஜிபி றாம் இருந்தாலும் அது தீராது, ஏனென்றால் குறை றாமில் இல்லை.

மகள் பக்கமும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசனில் 2000 வரிசையிலிருந்து. நான்காம் தலைமுறை ஐ7இல் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன நடக்கும் என்று ஏற்றித் தந்தவரே பொறுப்பெடுக்க மாட்டார். ஆகவே அந்த ஐ7 வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இரண்டாவது கடை சொன்னது சரியான பாதை. ஆனால் கடைசியில் நிற்கும் அந்த 'எஃப்' இடிக்கிறது. எஃப் என்றால் சிப்புக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்ட் போடாவிட்டால் திரையில் படமே வராது. இதைச் சரிக்கட்ட, சில கடைகளில் ஜிடி 710 போன்ற பழைய கார்ட் ஒன்றைக் கீழ் விலைக்குச் செருகிவிடுவார்கள். 2016இல் வந்த கார்ட் அது. சின்னவருக்கு அதில் கேமும் ஓடாது, தம்பிக்கு எச்.265உம் விரியாது. இரண்டு பக்கமும் நட்டம். எஃப் இல்லாத ஐ5-12400 கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் கிராஃபிக்ஸும் வீடியோ விரிக்கும் பகுதியும் உள்ளேயே வருகின்றன. ஐ5-13400, ஐ5-14400 கிடைத்தாலும் எடுக்கலாம், வீடியோ எக்ஸ்போர்ட்டில் அவை இன்னும் வேகம். அங்கேயும் எஃப் கூடாது.

ரைசன் பற்றிக் கேட்டீர்கள். நல்ல சிப்புகள்தான், இதில் கட்சி கட்டத் தேவையில்லை. கேம் மட்டுமே முக்கியம், கார்ட் வாங்கக் காசில்லை என்றால் நான் ரைசன் 5 5600ஜி-யைத்தான் சொல்வேன். அதன் உள் கிராஃபிக்ஸ் 12400இன் உள் கிராஃபிக்ஸை விட நன்றாகவே மேல். காசு தாராளமாக இருந்தால் 8600ஜி அதற்கும் மேல். ஆனால் ஜி இல்லாத 5600இல் கிராஃபிக்ஸ் கிடையாது, அதுவும் எஃப் கதைதான். ரைசன் செய்யும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் பிறகு புதிய சிப் மாற்றிப் போடலாம், 12400 ஏறும் போர்டில் பதினான்காம் தலைமுறையோடு வழி முடிந்துவிடும் என்பார்கள். உண்மை. ஆனால் வீட்டுக் கம்பியூட்டரில் சிப்பை மட்டும் மாற்றுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. உங்கள் வீட்டில் சோறு போடுவது தம்பியின் எடிட்டிங். அதனால் என் தெரிவு 12400. சின்னவர் இப்போதைக்குச் சின்ன கேம்களோடு பொறுத்துக்கொள்ளட்டும், பிறகு நல்ல கார்ட் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

மிச்சப்படும் காசை ஐ7, ஐ9 பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஐ9-14900கே முழு வேகத்தில் ஓடும்போது சிப் மட்டுமே 253 வாட் இழுக்கும். அந்தச் சூட்டை இறக்கப் பெரிய கூலர் வேண்டும். போதாததற்கு, 13ஆம், 14ஆம் தலைமுறையின் உயர் ரக சிப்புகள் சில அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் பழுதாகின என்பதை 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சுகப்படுத்தாது. பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 யாராவது மலிவாக நீட்டினால் இதை நினைவில் வையுங்கள். 12ஆம் தலைமுறை இந்தச் சிக்கலில் இல்லை.

கரண்டுக்கு வருவோம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏறிய ஒரு குரங்குதான் காரணம் என்றார் அன்றைய எரிசக்தி அமைச்சர். காரணம் எதுவானாலும் தம்பியின் எக்ஸ்போர்ட் பாதியில் போய்விடும். கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடியில் ஏறி இறங்கும் வோல்டேஜ்தான் பவர் சப்ளையையும் போர்டையும் தின்கிறது. 12400 போட்டு, தனி கார்ட் இல்லாமல் ஓடும் மெஷின் சாதாரண வேலையில் மொனிட்டரோடு சேர்த்தே நூறு வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று அதற்குத் தாராளம், சேமித்து, ஒழுங்காக மூட நேரம் கிடைக்கும். அதே யூபிஎஸ்ஸில் ஐ9ஐயும் பெரிய கார்டையும் கொழுவினால் கரண்ட் போன உடனேயே அலறிவிட்டு அணைந்துவிடும். புரொசெசரைத் தெரிவுசெய்யும்போதே யூபிஎஸ்ஸையும் தெரிவுசெய்துவிடுகிறீர்கள்.

கடற்காற்றை நீங்களே குறிப்பிட்டது நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் மெஷினைத் திறந்தால் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மணல் தூசியும் உப்பும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். காற்று போக இடமில்லாமல் சிப்பின் சூடு 100 பாகையைத் தொட, அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'புது மெஷின் ஸ்லோவாகிவிட்டது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் பாதி இதுதான். சூடு என்று பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைக்கிறார்களே, நம் ஊரில் அதைப்போல் கெடுதல் வேறில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் போர்டை அரிக்கும். மூடியைப் பூட்டியே வையுங்கள், முன்பக்கம் வலை உள்ள பெட்டியாக எடுங்கள், நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். காற்றுக் காலத்தில் மாதம் ஒரு தடவை, கரண்டைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸுக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தம்பியின் பழைய வீடியோக்களுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க். உள் கிராஃபிக்ஸ் றாமைத்தான் பங்குபோடும் என்பதால் 16 ஜிபி ஒரே துண்டு வேண்டாம், 8 ஜிபி இரண்டு போடுங்கள், இரண்டும் சேர்ந்து ஓடினால் வேகம் கூடும். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க றாம் விலை ஏறிக்கிடக்கிறது, ஏஐ நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் நான்கு றாம் இடம் உள்ள பி660 அல்லது பி760 போர்டாக எடுத்தால், மிச்சத்தை விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். போர்ட் டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்று பார்த்து அதற்குரிய றாமை எடுங்கள், ஒன்று மற்றதில் ஏறாது.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், ஆனால் ஒரு வாரண்டிக்காக முசலியிலிருந்து கொழும்புக்கு ஒருவர் போய் வருவது லேசல்ல. புத்தளத்தில் சொந்தக்காரர் இல்லாத வீடு உங்கள் பக்கம் குறைவு. விலை கொஞ்சம் கூடினாலும் அங்கேயோ மன்னாரிலோ வாங்கினால் பழுதென்று வரும்போது கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கும். பெட்டியில்லாமல் வரும் ட்ரே சிப் மலிவு, ஆனால் கூலர் வராது, கடைக்காரரின் வாரண்டி மட்டும்தான். பெட்டியோடு வரும் சிப்புக்கு மூன்று வருட வாரண்டி உண்டு.

பில்லில் 'ஐ5' என்று மட்டும் எழுத விடாதீர்கள். 'ஐ5-12400, எஃப் இல்லை, பெட்டியோடு, வாரண்டி மூன்று வருடம்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் காசைக் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.