சர்க்கரை நோயும் விழித்திரையும்

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து கசியும். நடுப்பகுதி வீங்கிப் பார்வை மங்கும். முற்றினால் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கசியும். ஆரம்பத்தில் வலியோ மங்கலோ தெரியாது.

வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து. இது பல தடவை தேவைப்படலாம். புதுக் குழாய்களுக்கு லேசர். தேங்கிய இரத்தம் தானே கரையாவிட்டால் விட்ரெக்டமி அறுவை சிகிச்சை. லேசர் இருக்கும் பார்வையைக் காக்கும். இழந்ததைப் பெரும்பாலும் மீட்காது.

எனவே ஆண்டுக் கணக்கு முடிப்பதுபோல், சர்க்கரை உள்ளோர் ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அன்று சில மணி நேரம் பேரேட்டு எழுத்து மங்கும், வண்டி ஓட்டலாகாது. கடை விடுமுறை நாளில் செல்வது நலம். சர்க்கரையுடன் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள்.