பழைய கேம், புது மினுக்கம்: வாங்கலாமா?

திருகோணமலைத் துறைமுகத்தடி நெற் கஃபேயில் மணிக்கணக்காக ‘டியாப்லோ 2’ விளையாடியவர்களுக்கு, அதன் 2021 புதுப்பதிப்பைக் கண்டால் கை பரபரக்கும். காசைக் கொடுக்க முன் இவற்றைக் கவனியுங்கள்.

● பெயரைப் பாருங்கள்: ‘ரீமாஸ்டர்’ என்றால் அதே கதை, துலக்கிய படம். ‘ரீமேக்’ என்றால் அடியிலிருந்து புதிதாகக் கட்டியது. 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ முழுக்கதை. 2020 ரீமேக்கோ முதல் நகரமான மிட்காரோடு நின்றுவிடும். மிச்சக் கதைக்கு வேறாகக் காசு.

● டேட்டாவைக் கணக்கிடுங்கள்: 2006இன் ‘ஒப்லிவியன்’ 5 ஜிபிக்குள் அடங்கியது. அதன் 2025 ரீமாஸ்டருக்கு 125 ஜிபி இடமும் 16 ஜிபி ரேமும் வேண்டும். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால், ஊர் உறங்கிய பிறகு இறக்குங்கள்.

● பழசு கையில் இருக்கிறதா? 2016இல் ‘ஸ்கைரிம்’ சிறப்புப் பதிப்பு வந்தபோது, ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் மூலக் கேமையும் அதன் துணைப் பாகங்களையும் வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. வாங்க முன் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

● முதல் 2 மணி நேரம்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கொம்பியூட்டர் திணறுகிறதா என்பதை அதற்குள் பார்த்துவிடுங்கள்.

● பொறுத்தால் லாபம்: விலை டொலரில். ஆண்டு நடுவிலும் டிசம்பரிலும் வரும் தள்ளுபடிவரை காத்திருங்கள். கதை ஓடிவிடாது!