பெரியவர்களிடம் கேட்போம், எழுதி வைப்போம்
இந்த மாதப் பாடம்: குத்துச்சண்டை, சிலம்பம் தெரிந்தவர்களின் நினைவுகளைக் காப்பாற்றுவது எப்படி?



போன மாதங்களில் வங்கிக் கடன் பற்றியும் கணக்குப் புத்தகங்கள் பற்றியும் படித்தோம். இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். “குத்துச்சண்டைக்கும் சிலம்பத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டு, குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.

வடசென்னையின் பரம்பரைகள்

எண்ணூர், திருவொற்றியூர் தாண்டி ராயபுரம் வரை வேலைக்கோ, மீன் வாங்கவோ, ஆஸ்பத்திரிக்கோ போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஒரு காலத்தில் குத்துச்சண்டை என்றால் திருவிழா மாதிரி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மீன்பிடித் தொழில் செய்தவர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள்.

கிளவுஸ் போட்டு ஆடும் இந்த முறை வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதனால்தான் நோட்டீஸில் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று அச்சடித்தார்கள். ‘ஆங்கில’ என்பது வந்த வழி. ‘ரோஷமான’ என்பது நம் ஜனங்கள் சேர்த்தது.

சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று வீரர்கள் பிரிந்து மோதினார்கள். இங்கே பரம்பரை என்றால் ரத்த சொந்தம் இல்லை. ஒரு வாத்தியாரிடம் கற்றவர்கள், பிறகு அவர்களிடம் கற்றவர்கள் என்று தொடர்ந்து வரும் கூட்டம். இன்ன பரம்பரை என்று சொன்னாலே அவர் யாரிடம் படித்தவர், யாரோடு மோதுபவர் என்பது தெரிந்துவிடும்.

ரிங்குக்கு வெளியேயும் அடிதடி ஆனதால் போட்டிகளுக்கு அனுமதி கிடைப்பது குறைந்தது. 1990-களில் இந்தப் பரம்பரைப் போட்டிகள் அடங்கிப் போயின. 2021-ல் பா. ரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகுதான் மற்ற மாவட்டத்து ஜனங்களுக்கு இந்தப் பெயரே தெரிந்தது. ஆனால் படம் என்பது கதை. உண்மையில் ரிங்கில் ஏறினவர்களும், அவர்களைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினவர்களும் சொல்வதற்கு இன்னும் நிறைய வைத்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை, வாயில்தான் இருக்கிறது. சார்பட்டா என்ற பெயருக்கு ‘நாலு கத்தி’ என்று பொருள் சொல்வார்கள். கித்தேரி முத்து என்ற வீரர், வெள்ளைக்காரர் காலத்தில் டெர்ரி என்பவரை வீழ்த்திய கதையை இன்றும் சொல்வார்கள். இதையெல்லாம் அடுத்தவருக்குச் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் இவை இருக்கும். சொல்பவர்களுக்கு இப்போது எழுபது வயது, எண்பது வயது.

நாங்கள் செய்த தவறு

சகோதரிகளே, இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். களப்பணிக்குப் போகும் வழியில் ஒரு பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பழைய குத்துச்சண்டை வாத்தியார். “ஒரு நாள் வந்து உட்கார்ந்து பேசுறோம் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு ஆடிட் வந்தது, கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டம் வந்தது, மழை வந்தது. நான்கு மாதம் கழித்துப் போனபோது வாசலில் சாமியானா கட்டின கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவர் யாரிடம் கற்றார், எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தார் என்று மகனைக் கேட்டோம். “அப்பா சொல்லும்போது காதுல வாங்கலைங்க” என்றார். அந்த வீட்டில் இப்போது இருப்பது ஒரு கப்பும் ஒரு போட்டோவும்தான். போட்டோவில் ஐந்து பேர் நிற்கிறார்கள். மற்ற நான்கு பேர் யார் என்று சொல்ல ஆள் இல்லை.

அன்றிலிருந்து ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் விட்டுவிட்டோம்.

அடுப்படியில் இருந்து வந்த பதில்

அடுத்து வேறொரு பெரியவரிடம் போனோம். “இன்னா கண்ணு, அதெல்லாம் இப்ப எதுக்கு? ஏதோ ஆடினோம், ஜெயிச்சோம், தோத்தோம்” என்று முடித்துவிட்டார். எந்த வருஷம் என்று கேட்டால் தெரியவில்லை. நாங்கள் நோட்டை மூடப் போனோம். உள்ளே மீன் அலசிக்கொண்டிருந்த ஆயா அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

“பெரிய சண்டை, மூத்தவன் வயித்துல ஏழு மாசம். எமர்ஜென்சி நேரம். கண்ணு வீங்கி வந்து நின்னாரு. நான்தான் ஒத்தடம் குடுத்தேன்.”

அவ்வளவுதான். ஆண்டு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆயாதான் பேசினார். போட்டிக்கு முன்னால் தினமும் முட்டை, ஆட்டுக்கால் சூப். அதற்குக் காசு ஏது? கம்மலைச் சேட்டு கடையில் வைத்தார். ஜெயித்து வந்த பணத்தில் மீட்டார். தோற்ற வருஷம் மீட்க முடியாமல் போனது. “அவரு கப்பு அலமாரில இருக்குது. என் கம்மல் எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது” என்று சிரித்தார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா, அது நெசந்தான்” என்றார்.

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார் ஆயா. பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாம் ஐயாவைத்தான் கேட்டார்களாம், இவரிடம் தண்ணீர் மட்டும் கேட்டார்களாம். நாங்களும் அப்படித்தான் போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இந்தப் பாடத்தின் முக்கியமான செய்தி இது: பெரியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்கும்போது வீரரை மட்டும் அல்ல, அந்த வீட்டுப் பெண்ணையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

கிராமத்தில் கிளவுஸ் இருக்காது. ஆனால் சிலம்ப வாத்தியார் இருப்பார். குத்துவரிசை தெரிந்தவர், சுருள்வாள் வீசியவர், மான் கொம்பு பிடித்தவர், கோயில் திருவிழாவில் கம்பு சுற்றியவர் இருப்பார். ஒருவேளை உங்கள் மாமனாரே அப்படி ஒருவராக இருக்கலாம்.

பெண்களுக்கும் இதில் இடம் உண்டு. கேரளாவில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா சிறு வயதில் களரிப்பயட்டு கற்று, எழுபது வயதைத் தாண்டியும் கற்றுக் கொடுத்தார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012-ல்தான் முதன்முதலாக வந்தது. அதில் மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம், அப்போதே பிள்ளைகளுக்குத் தாய், வெண்கலப் பதக்கம் வாங்கினார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இன்றைக்கு நம் பெண் பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள். அவர்களின் வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கேட்பது எப்படி? ஏழு படிகள்

1. பட்டியல் போடுங்கள். குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஊரில் யார் யார் என்று எழுதுங்கள். ஆடினவர் மட்டும் போதாது. மனைவி, தங்கை, எண்ணெய் தேய்த்து விட்டவர், மேளம் அடித்தவர், எதிர்த்து ஆடினவர் எல்லாரையும் சேருங்கள். வயதில் மூத்தவரிடம், உடம்பு முடியாதவரிடம் முதலில் போங்கள்.

2. அனுமதி கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். “பென்ஷன் வாங்கித் தருவோம்”, “விருது வரும்” என்று எதையும் சொல்லக் கூடாது. நம்மால் கொடுக்க முடியாததைச் சொல்லி வாயைத் திறக்க வைப்பது ஏமாற்று வேலை.

3. பொருளில் இருந்து தொடங்குங்கள். “வரலாறு சொல்லுங்க” என்றால் யாருக்கும் பேச்சு வராது. “இந்தப் போட்டோவுல பக்கத்துல நிக்கிறது யாரு?”, “இந்தக் கம்பை எங்க வெட்டினீங்க?”, “முதல் நாள் வாத்தியாருக்கு என்ன தட்சணை வச்சீங்க?” என்று கேளுங்கள். ஆள் பெயர்களைப் போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.

4. உடம்பும் பேசும். வாயால் சொல்ல வராததைக் கால் சொல்லும். “அந்தக் காலடி எப்படி வைப்பீங்க?” என்று கேட்டால், கோல் ஊன்றி நடப்பவர்கூட எழுந்து நிற்பார். அதை வீடியோ எடுங்கள். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள், பிடித்துக்கொள்ள பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள்.

5. ஆண்டைக் கண்டுபிடியுங்கள். ஆண்டு தெரியாது என்பவரிடம், தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். அண்ணா முதலமைச்சர் ஆனது 1967. எமர்ஜென்சி 1975 முதல் 1977 வரை. குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது 1980. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987. மெட்ராஸ் சென்னை ஆனது 1996. சுனாமி 2004. இவற்றுக்கு முன்னாலா, பின்னாலா? உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? எந்தப் பிள்ளை கையில்?

6. இரண்டு பக்கமும் கேளுங்கள். ஜெயித்தவர் சொல்லும் சண்டை வேறு, தோற்றவர் சொல்லும் சண்டை வேறு. எது சரி என்று தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று பெயரோடு எழுதுங்கள். நேரில் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்பதையும் குறியுங்கள். பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். பல நேரம் முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் வரும்.

7. வாசித்துக் காட்டுங்கள். அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். எழுதியதை அவரிடமே போய் வாசியுங்கள். “இதை எடுத்துடும்மா” என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். குடி, அடிதடி, வீட்டுச் சண்டை என்று வலிக்கிற விஷயங்களும் வரும். அவற்றை மூடி மறைக்கவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் பரப்பவும் வேண்டாம். சொன்னவர் சம்மதம்தான் அளவுகோல். ஒரு நகலை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

தீர்மான நோட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல

குழு ஆரம்பித்த புதிதில் நாம் வாய்ப்பேச்சாகவே எல்லாம் செய்தோம். யார் கடன் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார் என்று பிறகு தகராறு வந்தது. அதன் பின்தான் தேதி, வந்தவர்கள் பெயர், பேசிய விஷயம், கையெழுத்து என்று எழுதப் பழகினோம். பெரியவர்களின் நினைவை எழுதுவதும் அதே வேலைதான். தேதி போடுங்கள். இடம் போடுங்கள். யார் சொன்னார், யார் எழுதினார் என்று போடுங்கள். எழுதத் தெரியாதவர் கேள்வி கேட்கட்டும், பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளை எழுதட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

இந்த நோட்டினால் கடன் கிடைக்காது, மானியம் வராது. ஆனால் கம்மலை அடகு வைத்து ஒரு வீரரை ரிங்கில் ஏற்றிய பெண்ணின் பெயர் ஒரு பக்கத்தில் இருக்கும். அவள் பேத்தி அதைப் படிப்பாள்.

கூட்டத்தில் கலந்து பேச:

• நம் ஊரில் சிலம்பமோ, குஸ்தியோ, குத்துச்சண்டையோ தெரிந்த பெரியவர்கள் யார்? அவர்களில் முதலில் யாரிடம் போக வேண்டும்?
• அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் என்ன?
• எழுதிய நோட்டை யார் பொறுப்பில், எங்கே வைப்பது?

செய்து பார்க்க:

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் ஒரே ஒரு பெரியவரிடம் பேசி, இரண்டு பக்கம் எழுதி வாருங்கள். ஊக்குநர்கள் அதைக் கூட்டத்தில் வாசிக்க ஏற்பாடு செய்யவும். சம்மதம் கொடுத்தவர்களின் நினைவுகளை இந்த மடலில் தொடர்ந்து வெளியிடுவோம்.

இந்த வாரமே போங்கள் சகோதரிகளே.